ஒரே பெயரில் மூன்று போர்ட்: யாமல் ஃபைலில் வேண்டியதை மட்டும் எடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறீர்கள். மூன்று கொள்முதல் மையங்களின் எடைமேடைகளுக்கும் சேர்த்து ஒரே யாமல் ஃபைலில் (பெயரும் மதிப்புமாக, இடைவெளி விட்டுப் படிப்படியாக எழுதும் வடிவம்) செட்டிங் இருக்கிறது. அதிலிருந்து பர்கூர் மையத்தின் போர்ட் எண்ணை (எடைமேடையோடு கணினி இணையும் வாசல் எண்) மட்டும் எடுத்து, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சொல் இருக்கும் வரிகளைத் தேடித் தரும் கிரெப் கட்டளையைப் போட்டால் மூன்று வரி வருகிறது. சரி என்று, லினக்ஸில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் மூலம், யாமலைப் படிக்கும் ஒய்க்யூ என்ற கருவியை நிறுவி, இணையத்தில் பார்த்த கட்டளையைத் தட்டினால் எர்ரர் வருகிறது. கடைசி வரியில், சீசன் நேரம், தப்பான எண் போனால் லாரி வரிசை நின்றுவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மதிப்பை எடுக்க ஒரு வரி கட்டளை போதும். எடுத்தது சரியான மதிப்புதானா, இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்குமா என்பதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் தருமபுரியில் இருந்துகொண்டு ஓசூர் வரை உள்ள சிறிய ஆலைகளுக்கு லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் ஃபைலின் அமைப்பை இப்படி வைத்துக்கொள்வோம். படிக்க வசதியாகப் பெயர்களைத் தமிழில் போடுகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது உங்கள் ஃபைலில் இருக்கும் ஆங்கில எழுத்துகளையே அடியுங்கள்.

மையங்கள்:
  கிருஷ்ணகிரி:
    எஸ்டிடி: 04343
    இரவு_ஷிப்ட்: 22:30
    எடைமேடை:
      ஐபி: 192.168.10.21
      போர்ட்: 4001
  பர்கூர்:
    எடைமேடை:
      ஐபி: 192.168.10.22
      போர்ட்: 4002

பாலக்கோடு மையமும் இதே மாதிரி கீழே வரும். இதில் போர்ட் என்ற கீ (மதிப்புக்கு முன்னால் வரும் பெயர்) மூன்று இடத்தில் இருக்கிறது. எது யாருடையது என்பதைச் சொல்வது அதற்கு முன்னால் இருக்கும் இடைவெளியும் மேலே இருக்கும் வரிகளும்தான். கிரெப் ஒவ்வொரு வரியாகத்தான் பார்க்கும். மேல்வரி என்ன என்பது அதற்குத் தெரியாது. கதவு எண் 12 என்று மட்டும் சொன்னால் தபால்காரர் எந்தத் தெருவுக்குப் போவார்? கிரெப்பில் மேலும் கீழும் சில வரிகளைச் சேர்த்து எடுத்து, அதிலிருந்து வெட்டி எடுப்பவர்கள் உண்டு. யாராவது நடுவில் ஒரு வரி புதிதாகச் சேர்த்தால் போதும், அந்தக் கணக்கு தப்பிவிடும். இன்னொரு தொல்லை, விண்டோஸ் நோட்பேடில் திருத்திய ஃபைலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக இருக்கலாம். கிரெப்பும், வரியை வெட்டித் தரும் கட் கட்டளையும் போட்டு எடுத்தால் அது 4002 உடன் ஒட்டிக்கொண்டே வரும். திரையில் 4002 என்று சரியாகத் தெரியும், ஆனால் கனெக்‌ஷன் கிடைக்காது. யாமலை முறையாகப் படிக்கும் கருவி அதை வரி முடிவு என்றே எடுத்துக்கொள்ளும் என்பதால் இந்தச் சிக்கல் வராது.

உங்களுக்கு வந்த எர்ரருக்குக் காரணம் அநேகமாக இதுதான்: ஒய்க்யூ என்ற பெயரில் இரண்டு வேறு வேறு கருவிகள் இருக்கின்றன. ஒன்று மைக் ஃபாரா கோ மொழியில் எழுதியது. தனி ஃபைலாக இயங்கும், வேறு எதையும் சார்ந்திருக்காது. மற்றொன்று ஆண்ட்ரே கிஸ்லியுக் பைத்தானில் எழுதியது. அது யாமலை ஜேசான் என்ற இன்னொரு தரவு வடிவமாக மாற்றி ஜேக்யூவிடம் கொடுத்துவிடும். தேடும் வேலை முழுவதையும் செய்வது ஜேக்யூதான். ஜேக்யூ என்பது 2012இல் ஸ்டீபன் டோலன் வெளியிட்ட, ஜேசானுக்கான கருவி. உபுண்டுவிலும் டெபியனிலும் ஆப்ட் மூலம் ஒய்க்யூ நிறுவினால் கிடைப்பது பைத்தானில் எழுதியது. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை மைக் ஃபாராவுடையதற்கு எழுதியவை. அதிலும் பழையவையும் புதியவையும் கலந்து கிடக்கின்றன. அவருடைய மூன்றாம் பதிப்பு வரை ஆர் என்ற ஒற்றை எழுத்தைப் போட்டுப் பாதையைக் கொடுக்க வேண்டும். 2020 கடைசியில் வந்த நான்காம் பதிப்பில் முறையே மாறியது. அதன் தொடக்க காலத்தில் ஈவால் என்ற சொல்லைச் சேர்த்து எழுத வேண்டும், பின்னால் அது தேவையில்லை என்றாகிவிட்டது. ஈவால் போட்ட கட்டளையைப் பைத்தான் ஒய்க்யூவிடம் கொடுத்தால், அது ஈவால் என்பதையே தேடல் வாசகமாக எடுத்துக்கொண்டு, நீங்கள் கொடுத்த பாதையை ஒரு ஃபைலின் பெயர் என்று நினைத்துத் திறக்கப் பார்க்கும். நீங்கள் ஒட்டியிருக்கும் எர்ரரில் ஃபைல் கிடைக்கவில்லை என்று இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். செட்டிங் ஃபைல் அதன் இடத்தில்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

உறுதிசெய்ய, வெர்ஷன் ஆப்ஷனைப் போட்டுப் பாருங்கள். மைக் ஃபாராவுடையது கிட்ஹப் (நிரல்களைப் பகிரும் தளம்) முகவரியோடு தன் பெயரைச் சொல்லும். பைத்தானுடையது வெறும் பெயரும், பெரும்பாலும் 3 என்று தொடங்கும் எண்ணும் காட்டும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். 3 என்று பார்த்ததும், நம்மிடம் பழைய பதிப்பு இருக்கிறது, அப்டேட் செய்தால் 4 வந்துவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். எத்தனை முறை அப்டேட் செய்தாலும் அது மற்றதாக மாறாது. என் பரிந்துரை, மைக் ஃபாராவுடையதன் நான்காம் பதிப்பை கிட்ஹப்பிலிருந்து நேரடியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் நிறுவும் இன்னொரு வழியான ஸ்னாப் மூலமும் கிடைக்கும், ஆனால் ஸ்னாப்பில் போட்டது ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமான ஃபைல்களை நேரடியாகத் திறக்க முடியாதபடி அடைத்து வைக்கப்பட்டிருக்கும். செட்டிங் ஃபைல் அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் அனாவசியமாக ஒரு சுற்று சுற்ற வேண்டிவரும். இனி நான் ஒய்க்யூ என்று சொல்வது இந்த நான்காம் பதிப்பைத்தான்.

இப்போது நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி:

ஒய்க்யூ '.மையங்கள்.பர்கூர்.எடைமேடை.போர்ட்' செட்டிங்.யாமல்

முதல் புள்ளி ஃபைலின் உச்சி. அங்கிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு படி உள்ளே இறங்குகிறீர்கள். 4002 என்று மட்டும் வரும். பாதையைச் சுற்றி ஒற்றை மேற்கோள் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் சதுர அடைப்பையும் நட்சத்திரக் குறியையும் ஷெல் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டுவிடும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் மட்டும் ஒற்றை மேற்கோள் எடுபடாது, இரட்டை போட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பைத்தான் ஒய்க்யூவையே வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பாதை அப்படியே வேலை செய்யும். ஆனால் மைனஸ் ஆர் ஆப்ஷனைச் சேர்க்காவிட்டால் ஐபி முகவரி போன்ற எழுத்து மதிப்புகள் மேற்கோள் குறியோடு வெளியே வரும், பிங் கட்டளைக்கு அதைக் கொடுத்தால் போகாது. கீயின் பெயருக்குள்ளேயே புள்ளி இருந்தால் அந்தப் பெயரைச் சதுர அடைப்புக்குள் இரட்டை மேற்கோளில் எழுதுங்கள். நடுவில் சிறு கோடு இருந்தாலும் அப்படியே செய்வது நல்லது. ஒய்க்யூ சிறு கோட்டைப் பொறுத்துக்கொள்ளும்; ஜேக்யூ அதைக் கழித்தல் என்று படித்துவிடும்.

மையங்கள் பெயர்களாக இல்லாமல், ஒவ்வொன்றும் சிறு கோட்டில் தொடங்கும் பட்டியலாக இருக்கவும் வாய்ப்புண்டு. அப்போது பர்கூர் என்று பெயர் சொல்லி இறங்க முடியாது. பட்டியலில் இரண்டாவதை எடு என்று எண் கொடுத்துவிடலாம்தான் (எண்ணிக்கை 0இல் தொடங்கும், ஆகவே இரண்டாவதற்கு 1). ஆனால் அடுத்த சீசனில் ஊத்தங்கரையில் ஒரு மையம் திறந்து, அதை யாராவது பட்டியலின் உச்சியில் சேர்த்தால் உங்கள் ஸ்கிரிப்ட் சத்தமே இல்லாமல் வேறு ஊரின் எடைமேடையைப் படிக்கும். அதனால் எப்போதும் பெயரை வைத்துத் தேடுங்கள்: '.மையங்கள்[] | செலக்ட்(.பெயர் == "பர்கூர்") | .எடைமேடை.போர்ட்'. எல்லா மையங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் பொருந்துவதை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் போர்ட்டைக் கேட்கிறது இது. ஊர்ப் பெயர் ஸ்கிரிப்டின் வேரியபிளில் இருந்தால், அதை மேற்கோளை உடைத்து நடுவில் ஒட்டாதீர்கள். என்விரான்மென்டில் (ஷெல் தான் இயக்கும் கருவிகளுக்குக் கொடுத்தனுப்பும் வேரியபிள்கள்) வைத்து, ஸ்ட்ரென்வ் என்ற செயல்மூலம் உள்ளே எடுங்கள். பெயரில் மேற்கோள் குறியோ புள்ளியோ இருந்தாலும் பாதை உடையாது.

பாதையே தெரியாது, ஃபைல் பல நூறு வரி என்றால், மைனஸ் ஓ ஆப்ஷனுக்கு ப்ராப்ஸ் என்று கொடுத்துப் பாருங்கள். உள்ளே புதைந்திருக்கும் ஒவ்வொரு மதிப்பும் தன் முழுப் பாதையோடு ஒரு வரியாக விரிந்து வரும்: மையங்கள்.பர்கூர்.எடைமேடை.போர்ட் = 4002 என்கிற மாதிரி. அதன் மேல் கிரெப் போடுங்கள். இப்போது ஒவ்வொரு வரியும் தன் ஊரைச் சுமந்துகொண்டு வருவதால் கிரெப்பை நம்பலாம். புதிய ஆலைக்குப் போனால் நான் முதலில் அடிப்பது இந்தக் கட்டளைதான்.

இனி, தப்பான எண் போய்விடுமோ என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். பர்கூர் என்பதில் ஒரு எழுத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும்? எர்ரர் வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். வராது. மதிப்பு ஏதும் இல்லை என்று பொருள்படும் நல் என்ற ஆங்கிலச் சொல்லை அச்சிட்டுவிட்டு, எல்லாம் நன்றாக முடிந்தது என்று 0 என்ற முடிவுக் குறியோடு கருவி வெளியே வந்துவிடும். இல்லாத கீயைக் கேட்டால் நல், அந்த நல்லுக்குள் இன்னொரு கீயைக் கேட்டாலும் நல் என்று கடைசிவரை அமைதியாக இறங்கிப் போகும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்துக்கும் இதே கதிதான். உங்கள் ஸ்கிரிப்ட் அந்தச் சொல்லைப் போர்ட் எண் என்று எடுத்துக்கொண்டு போகும். எர்ரர் வந்தால் நிறுத்து என்று ஸ்கிரிப்டின் தலையில் எழுதியிருந்தாலும் நிற்காது, ஏனென்றால் எர்ரரே இல்லை.

இதற்கு மருந்து மைனஸ் ஈ ஆப்ஷன். அதைச் சேர்த்தால், மதிப்பு கிடைக்காதபோது முடிவுக் குறி 1 ஆகும், ஸ்கிரிப்டும் நிற்கும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, பாஷ் ஷெல்லில் ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று அறிவிக்கும் அதே வரியில் மதிப்பையும் வாங்கினால், ஒய்க்யூவின் தோல்வி மறைந்துபோகும். லோக்கல் என்பதே ஒரு கட்டளை. அது வெற்றிகரமாக முடிந்ததைத்தான் ஷெல் பார்க்கும். எக்ஸ்போர்ட்டும் இப்படித்தான். அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பு வாங்குவதை அடுத்த வரியிலும் எழுதுங்கள். இரண்டாவது, ஃபால்ஸ் என்ற மதிப்பையும் மைனஸ் ஈ தோல்வியாகவே எண்ணும். ஆன், ஆஃப் மாதிரியான செட்டிங்குகளுக்கு மைனஸ் ஈ வேண்டாம். அந்தக் கீ இருக்கிறதா என்று ஹேஸ் செயலை வைத்துக் கேட்டுவிட்டு, அப்புறம் மதிப்பை எடுங்கள். இல்லாவிட்டால் இதை எடுத்துக்கொள் என்று இரட்டைச் சாய்கோடு போட்டு மாற்று மதிப்பு கொடுக்கும் வசதியிலும் இதே பள்ளம் உண்டு. பிரிண்டர் வேண்டாம் என்று ஒருவர் ஃபைலில் ஃபால்ஸ் எழுதியிருக்க, ஸ்கிரிப்டில் மாற்று மதிப்பு ட்ரூ என்று இருந்தால், கருவி ட்ரூ என்றே சொல்லும். போர்ட் எண்ணுக்கு மாற்று மதிப்பே வைக்காதீர்கள் என்பேன். எண் கிடைக்கவில்லை என்றால் ஸ்கிரிப்ட் நிற்பதுதான் லாரிகளுக்கு நல்லது. இன்னொரு மையத்தின் எடை இந்த மையத்தின் ரசீதில் விழுந்தால், அதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

அடுத்தது நான் மிகவும் அக்கறையோடு சொல்ல வேண்டிய விஷயம். ஒய்க்யூ திரையில் காட்டுவதும், அதே ஃபைலை உங்கள் எடைமேடை மென்பொருள் படித்துப் புரிந்துகொள்வதும் ஒன்றாக இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது. மேலே கிருஷ்ணகிரியின் எஸ்டிடி எண்ணைப் பாருங்கள், 04343. ஒய்க்யூவிடம் கேட்டால் ஃபைலில் எழுதியபடி 04343 என்றே காட்டும். பைத்தானில் பரவலாகப் புழங்கும் பையாமல் நூலகமோ யாமலின் 1.1 விதிகளைப் பின்பற்றுகிறது. அந்த விதியில் பூஜ்யத்தில் தொடங்கி, 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்கள் மட்டும் கொண்ட எண் எட்டடிமான எண், அதாவது பத்துக்குப் பதில் எட்டை வைத்து எண்ணுவது. ஆகவே நிரலுக்குக் கிடைப்பது 2275. தருமபுரியின் 04342 என்றால் 2274. எண்ணில் ஒரு 8 அல்லது 9 வந்துவிட்டால் அது எட்டடிமானமாக இருக்க முடியாது, அப்போது எழுத்தாகவே விட்டுவிடும். ஆக, ஒரே பட்டியலில் சில ஊர்களின் எண் மட்டும் மாறி, மற்றவை சரியாக இருக்கும். இதைப் பார்ப்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

ஷிப்ட் நேரமும் இப்படித்தான். 22:30 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் 1.1 விதி அதை அறுபதடிமான எண்ணாக எடுத்து 1350 ஆக்கிவிடும், அதாவது 22 பெருக்கல் 60 கூட்டல் 30. பகல் ஷிப்ட் 14:30 என்றால் 870. ஆனால் காலை ஷிப்ட் 06:30 பூஜ்யத்தில் தொடங்குவதால் அந்த விதிக்குள் வராது, எழுத்தாகவே நிற்கும். காலையில் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போனவரை இரவு பத்தரைக்குக் கூப்பிடுவது இந்த மாதிரிச் சிக்கல்தான். எஸ், நோ, ஆன், ஆஃப் ஆகியவையும் 1.1இல் ட்ரூ, ஃபால்ஸ் ஆகிவிடும். 2009இல் வந்த 1.2 விதிகள் இவற்றையெல்லாம் நீக்கிவிட்டன, இருந்தும் பழைய விதியில் படிக்கும் நூலகங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. உங்கள் மென்பொருள் எந்த மொழியில் எழுதியது என்று கேள்வியில் இல்லை; அதனால் உங்களிடம் இது நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நடந்தாலும் நடக்காவிட்டாலும், தொலைபேசி எண், நேரம், 1.10 மாதிரியான பதிப்பு எண், ஆம் இல்லை என்று பொருள்படும் சொல் ஆகியவற்றை எழுத்தாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் இரட்டை மேற்கோளுக்குள் எழுதிவிடுங்கள். எந்த விதியில் படித்தாலும் அப்போது ஒரே பதில்தான்.

ஃபைலில் இருக்கும் மதிப்பைத்தான் மென்பொருள் பயன்படுத்துகிறது என்பதும் நிச்சயமில்லை. பல மென்பொருள்கள் ஃபைலைப் படித்த பிறகு என்விரான்மென்ட் வேரியபிள்களைப் பார்த்து மேலெழுதிக்கொள்ளும். ஜாவா மொழிக்கான ஸ்பிரிங் பூட்டில் எழுதியவை இதை வழக்கமாகவே செய்யும். ஃபைலில் 4002 என்று இருந்தும் மென்பொருள் வேறு போர்ட்டைத் திறந்திருந்தால் முதலில் அங்கே பாருங்கள். மென்பொருள்களைத் தனித்தனிக் கண்டெய்னர்களில் ஓட்டும் டாக்கர் கம்போஸில் இயக்குகிறீர்கள் என்றால், அதன் கான்ஃபிக் துணைக்கட்டளை எல்லா வேரியபிள்களையும் நிரப்பி, முடிவாக அது எடுத்துக்கொள்ளும் வடிவத்தை அச்சிடும். அந்த வெளியீட்டை பைப் போட்டு ஒய்க்யூவுக்குக் கொடுத்து எடுப்பது, மூல ஃபைலிலிருந்து எடுப்பதைவிட நம்பகமானது.

உங்கள் ஃபைலின் தலையில் & குறியோடு ஒரு பொதுப் பகுதியும், ஒவ்வொரு மையத்திலும் << குறியும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது பொதுவான மதிப்புகளை ஒரே இடத்தில் எழுதி எல்லா மையங்களும் வாங்கிக்கொள்ளும் முறை. ஒய்க்யூவில் பாதை கொடுத்தால் அந்த இணைப்பையும் தொடர்ந்து போய் மதிப்பைக் கொண்டுவரும். சந்தேகமாக இருந்தால் எக்ஸ்ப்ளோட் செயலைப் போட்டு முழு ஃபைலையும் விரித்துப் பாருங்கள். எந்த மையத்துக்கு எந்த மதிப்பு வந்து சேர்ந்திருக்கிறது என்பது நேராகவே தெரியும். ஒரே மையத்தின் கீழ் போர்ட் என்ற கீ தவறுதலாக இரண்டு முறை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். யாமல் விதிப்படி அது தவறு, ஆனால் பையாமல் வாய் திறக்காமல் கடைசியில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்.

கடைசியாகக் கேட்டிருந்தது, இதே கருவியால் போர்ட்டை மாற்றவும் முடியுமா என்று. முடியும், மைனஸ் ஐ ஆப்ஷன் ஃபைலிலேயே எழுதிவிடும். பெரும்பாலும் கமென்ட்டுகளைக் காப்பாற்றும். வெற்று வரிகளும் இடைவெளி அமைப்பும் மாறக்கூடும். பைத்தான் ஒய்க்யூ யாமலாகத் திருப்பி எழுதும்போது கமென்ட்டுகள் போய்விடும். எது எந்த மையத்தின் கேபிள், யார் எப்போது மாற்றினார்கள் என்பதையெல்லாம் கமென்ட்டில்தான் எழுதி வைத்திருப்பீர்கள். அதனால் ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் மாற்றிப் பார்த்து, டிஃப் கட்டளையால் இரண்டையும் ஒப்பிட்டு, நீங்கள் நினைத்த ஒரு வரி மட்டும்தான் மாறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அசல் ஃபைலில் கை வையுங்கள். சீசன் முடியும்வரை படிப்பதோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. வெர்ஷன் கட்டளையின் வெளியீட்டையும், பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டு ஃபைலின் முதல் இருபது வரிகளையும் ஒட்டினால், உங்கள் ஃபைலுக்கே பொருந்தும் பாதையை எழுதித் தருகிறேன்.